எல்லோருக்கும் எட்டும் பொது மருத்துவம்: ஃபின்ஸ்பரி சுகாதார நிலையத்தை முன்வைத்து ஓர் அறிமுகம்

1900-ஆம் ஆண்டில் லண்டனின் தென்கரையில் உள்ள பெர்மண்ட்சியில் ஆல்ஃபிரட் சால்ட்டர் என்ற இளம் மருத்துவர் தம் சிகிச்சையகத்தைத் தொடங்கினார். கப்பல்துறைக் கூலிகளும் தோல் பதனிடும் தொழிலாளர்களும் ஈரம் காயாத அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. நோயாளியிடம் அவர் வாங்கிய கட்டணம் ஆறு பென்ஸ். அதையும் கொடுக்க இயலாதவர்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. ஏழைகளுக்கு மருத்துவம் எட்ட வேண்டும் என்று பேசும்போது நம்மில் பலரின் மனத்தில் முதலில் எழும் உருவம் இத்தகைய மருத்துவருடையதுதான். நம் ஊர்களிலும் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் வைத்தியம் பார்த்த மருத்துவர்களை மக்கள் கைகூப்பி வணங்குகிறார்கள். அந்த வணக்கத்துக்கு அவர்கள் முழுத் தகுதி உடையவர்கள்.

ஆனால் பொது மருத்துவம் என்பது அந்த நற்குணத்தைக் கடந்த ஓர் ஏற்பாடு. சால்ட்டரின் வாழ்க்கையே இதை விளக்கப் போதுமானது. அவர் இருமலுக்கு மருந்து கொடுத்து அனுப்பியவர் அதே ஈரச் சுவருக்குள், அதே படுக்கையில் நான்கு பேருடன் உறங்கச் சென்றார். காசநோய் ஒரு வீட்டில் நுழைந்தால் அந்த வீட்டின் மற்றவர்களையும் தொட்டது. ஒரு மருத்துவரின் கட்டணக் குறைப்பு அவருடைய உழைப்பு நேரத்தோடும் அவருடைய பணப்பையோடும் முடிந்துவிடும். குடிநீர், கழிவுநீர், பால், வீடு ஆகிய எதையும் அது தொடாது. சால்ட்டர் 1903-இல் பெர்மண்ட்சியின் உள்ளாட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரும் மனைவி ஏடாவும் தாம் சேவை செய்த மக்களுக்கு நடுவிலேயே குடியிருந்தார்கள். அவர்களின் ஒரே மகள் ஜாய்ஸ் 1910-இல், எட்டு வயதில், ஸ்கார்லெட் காய்ச்சலால் இறந்தாள். அதற்குப் பின்னும் அவர்கள் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. 1922-இல் ஏடா சால்ட்டர் அப்பகுதியின் மேயரானார்; ஆல்ஃபிரட் அதே ஆண்டில் நாடாளுமன்ற உறுப்பினரானார். காசநோயாளிகள் சிலரை மன்றத்தின் செலவில் சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிக்கு வெயில் சிகிச்சைக்காக அனுப்பிய பெர்மண்ட்சி, 1926-இல் தன் எல்லைக்குள்ளேயே ஒரு சூரிய விளக்குச் சிகிச்சைக் கூடத்தை நிறுவியது. ஒரு தனி மருத்துவரால் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் செய்ய முடியாதவற்றை ஒரு மன்றம் சில தீர்மானங்களில் செய்தது என்றால், அதன் கையில் இருந்தவை எவை என்று கேட்க வேண்டும்: வரி விதிக்கும் அதிகாரம், நிலம், ஊழியர்கள், சட்டம்.

இங்கே பொது மருத்துவத்தின் முதல் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். நோய் வருகிற நாளில் பணம் கேட்டால், வருமானம் நின்றுபோன நாளில் பணம் கேட்பதாகிறது. ஏனெனில் கூலித் தொழிலாளிக்கு நோயும் வருமான இழப்பும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. ஆகவே உடல்நலத்தோடு உழைக்கும் நாள்களில் எல்லோரிடமிருந்தும் சிறிது சிறிதாக வாங்கி வைத்து, நோயுற்றவருக்கு அந்த நாளில் எதுவும் கேட்காமல் சிகிச்சை தருவதே வழி. வேல்ஸ் நாட்டின் டிரெடிகர் என்ற சுரங்க ஊரில் தொழிலாளர்கள் தாமே நடத்திய மருத்துவ உதவிச் சங்கம் இதை எளிமையாகச் செய்துகாட்டியது. ஒவ்வொரு பவுண்டு கூலியிலும் மூன்று பென்ஸ் பிடித்தம் செய்யப்பட்டது. அக்காலத்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் என்பதால், இது நூற்றுக்கு ஒன்றேகால் வீதம்தான். அந்தத் தொகையைக் கொண்டு மருத்துவர்களையும் செவிலியர்களையும் சம்பளத்துக்கு அமர்த்தி, ஊரில் பெரும்பாலோருக்கும் சிகிச்சை கிடைக்கச் செய்தார்கள். அந்த ஊரில் பிறந்து, அங்கேயே உள்ளாட்சி உறுப்பினராகப் பொதுவாழ்வைத் தொடங்கியவர் அனைரின் பெவன்; பிற்காலத்தில் பிரிட்டன் முழுமைக்கும் தேசிய சுகாதாரச் சேவையைக் கொண்டுவந்த அமைச்சரும் அவரே.

அரசும் இந்த முறையைக் கையில் எடுத்தது. 1911-ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, தொழிலாளி வாரத்துக்கு நான்கு பென்ஸ், முதலாளி மூன்று பென்ஸ், அரசு இரண்டு பென்ஸ் என்று செலுத்த, தொழிலாளிக்குக் குடும்ப மருத்துவரின் சிகிச்சையும் நோய்க்கால உதவித்தொகையும் கிடைத்தன. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் ஓட்டைகள் இருந்தன. அவை சிறியவையும் அல்ல. தொழிலாளியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தவில்லை. மருத்துவமனைச் சிகிச்சை அதில் சேரவில்லை. வீட்டில் அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு, அடுத்தடுத்த பிரசவங்களால் உடல் தளர்ந்தவளுக்கு, நோய் என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே இருந்தது. அந்த ஓட்டைகளில் சிலவற்றை அடைக்கும் பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களிடம் வந்து சேர்ந்தது.

லண்டன் அப்போது இருபத்தெட்டு பரோக்களாகவும், பழைமையான மையநகரமாகவும் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பரோவுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் தனி வரியும் இருந்தன. நம் மாநகராட்சி மண்டலத்தின் அளவில் ஒரு முழு நகராட்சியின் அதிகாரம் இருந்தது என்று கொள்ளலாம். வீடுகள், கடைகள், தொழிற்கூடங்கள் ஆகியவற்றின் வாடகை மதிப்பைக் கணக்கிட்டு விதிக்கப்பட்ட சொத்துவரியே மன்றத்தின் முக்கிய வருமானம். துப்புரவு, தொற்றுநீக்கம், காசநோய் மருந்தகம், தாய்–சேய் நலம் போன்றவை பரோக்களின் பொறுப்பு. பெரிய மருத்துவமனைகள் அவர்களின் கையில் இல்லை. அவற்றுள் பல நன்கொடையால் இயங்கின, 1930-க்குப் பிறகு வேறு பல லண்டன் மாவட்ட மன்றத்தின் நிர்வாகத்தில் இருந்தன. தனியே தொழில் நடத்திய குடும்ப மருத்துவர்களும் பரோக்களுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். ஓர் உள்ளாட்சித் தலைவர் எவ்வளவு முனைப்போடு இருந்தாலும் இந்த எல்லைக்குள்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்த எல்லைக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் காட்டியதால்தான் ஃபின்ஸ்பரியின் கதை எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது.

ஃபின்ஸ்பரி ஒரு சதுர மைலுக்கும் குறைந்த பரப்புடைய சிறிய பரோ. கடிகாரம் செய்வோர், அச்சுத் தொழிலாளர், சிறுபட்டறைக்காரர்கள் நிறைந்த கிளார்க்கன்வெல் அதற்குள் அடங்கும். 1892-இல் தாதாபாய் நவுரோஜி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஃபின்ஸ்பரியின் மையத் தொகுதியிலிருந்துதான் என்பதை நம் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கலாம். பாழடைந்த வீடுகள், மூட்டைப்பூச்சி, காசநோய், வெயில் படாத குழந்தைகளின் கால் எலும்புகள் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய் ஆகியவை அங்கே அன்றாடக் காட்சிகளாக இருந்தன. நிலக்கரிப் புகை வானத்தை மறைத்த ஊரில் வெயிலும் ஏழைக்குக் கிடைக்காத பொருளாகிவிட்டிருந்தது.

இந்த ஊருக்குத்தான் மருத்துவர் சுனி லால் கத்யால் வந்து சேர்ந்தார். 1898-இல் பஞ்சாபில் பிறந்து, லாகூரில் மருத்துவம் படித்து, ஈராக்கில் பணியாற்றிய பின், 1927-இல் மேற்படிப்புக்காகப் பிரிட்டன் சென்றவர் அவர். முதலில் கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில் மருத்துவம் பார்த்தார். 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தியும் நடிகர் சார்லி சாப்ளினும் சந்தித்துப் பேசியது அவருடைய அந்த வீட்டில்தான். பின்னர் ஃபின்ஸ்பரிக்கு மாறி, 1934-இல் தொழிற்கட்சியின் சார்பில் பரோ மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தத் தேர்தலில் மன்றமே தொழிற்கட்சியின் வசமாயிற்று. கத்யால் பொதுச் சுகாதாரக் குழுவின் தலைவரானார்; 1938-இல் மேயரானார். தெற்காசியாவில் பிறந்து பிரிட்டனில் மேயரான முதல் மனிதர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம்.

குழுத் தலைவராக அவர் கண்ட நிலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கருத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஃபின்ஸ்பரியில் சுகாதாரச் சேவைகள் இல்லாமல் இல்லை. காசநோய்க்கு ஓரிடம், பல்லுக்கு வேறோர் இடம், தொற்றுநீக்கத்துக்கு இன்னோர் இடம் என்று பரோ முழுவதும், பெரும்பாலும் பொருத்தமற்ற பழைய கட்டடங்களில், அவை சிதறிக் கிடந்தன. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மூத்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, அரைநாள் கூலியை இழந்து ஒரு பெண் இவற்றுள் ஒன்றுக்கு வந்தால், அங்கிருந்தவர் இன்னோரிடத்துக்கு அனுப்புவார். அவள் அங்கே போவாள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சிகிச்சை இலவசம் என்றாலும், அலைச்சலுக்கும் இழந்த கூலிக்கும் ஒரு விலை உண்டு. அரசு ஆவணங்களில் அந்த விலை எங்கும் பதிவாவதில்லை. ஆனால் ஏழை வீடுகளில் எல்லோருக்கும் அது தெரியும்.

சேவைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் கத்யால் கண்டுபிடித்தது அன்று. 1920-இல் பெர்ட்ராண்டு டாசன் என்ற மருத்துவரின் தலைமையிலான அரசுக் குழு ஒன்று, மூன்று அடுக்கு அமைப்பு ஒன்றைப் பரிந்துரைத்திருந்தது. மக்கள் வாழும் இடத்துக்கு அருகில் முதல்நிலைச் சுகாதார நிலையம், அதற்கு மேல் வல்லுநர்கள் உள்ள இரண்டாம் நிலை, அதற்கும் மேல் மருத்துவக் கல்லூரி சார்ந்த பெரிய மருத்துவமனை என்பதே அந்த அமைப்பு. நோய் தடுப்பும் நோய் தீர்ப்பும் இரு வேறு துறைகளாகப் பிரிந்து கிடப்பது தவறு, இரண்டும் முதல்நிலையிலேயே ஒன்றாக நடக்க வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் சாரம். பணநெருக்கடியால் அதை அரசு கிடப்பில் போட்டது. அறிக்கையாக உறங்கிய ஒரு கருத்தை ஒரு சிறிய, ஏழை பரோ தன் சொந்த வரிப்பணத்தில் எழுப்பிக் காட்ட முயன்றது என்பதில்தான் ஃபின்ஸ்பரியின் பெருமை இருக்கிறது. மன்றத் தலைவர் ஹரோல்ட் ரைலியும் கத்யாலும் முன்னின்று வகுத்த ஃபின்ஸ்பரித் திட்டத்தில் வீடுகள், குழந்தைகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு முதலிடம் பெற்றது சுகாதார நிலையம்.

கட்டட வடிவமைப்பாளராக அவர்கள் தேர்ந்தது பெர்தோல்ட் லுபெட்கின் என்பவரையும் அவருடைய டெக்டன் குழுவையும். இன்றைய ஜார்ஜியாவின் திபிலீசியில் பிறந்து லண்டனில் குடியேறியவர் லுபெட்கின். அவருடைய குழு முன்னரே வரைந்திருந்த ஒரு காசநோய் மருத்துவ நிலையத்தின் மாதிரி கத்யாலின் கவனத்தை ஈர்த்திருந்தது. பைன் தெருவில் எழுந்து 1938 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், வருபவரை வரவேற்க இரு கைகளையும் விரித்து நிற்பதுபோல் அமைந்தது: நடுவே நுழைவுக்கூடமும் சொற்பொழிவு அரங்கமும், இருபுறமும் சிகிச்சை அறைகள் உள்ள இரு சிறகுகளும். நுழைவுக்கூடத்தின் முகப்பு முழுதும் கண்ணாடிக் கற்கள். புகைமூட்டமான நாளிலும் உள்ளே வெளிச்சம் நிறையும். காத்திருப்போர் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து தம் முறைக்காக ஏங்கும் நீண்ட பெஞ்சுகளுக்கு மாறாக, நாற்காலிகள் ஆங்காங்கே இயல்பாகப் போடப்பட்டிருந்தன. திறந்த வெளியில் இயன்றவரை வாழுங்கள், இரவும் பகலும் தூய காற்றைச் சுவாசியுங்கள் என்று அறிவுறுத்தும் சுவரோவியங்களைக் கார்டன் கல்லன் தீட்டினார்.

இவற்றையெல்லாம் அலங்காரம் என்று கருதிக் கடந்துபோவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. பழைய ஏழைகள் சட்டத்தின் கீழ் இயங்கிய மருத்துவமனைகள், உதவி கேட்டு வருபவரைக் கூனிக் குறுகச் செய்யும் விதமாகவே அமைந்திருந்தன. அவமானத்துக்கு அஞ்சியே நோயை மறைத்தவர்கள் எத்தனையோ பேர். காசநோயாளி தொடக்கத்திலேயே வந்தால் அவரும் பிழைப்பார், அவர் வீட்டாரும் தப்புவார்கள். தாமதமாக வந்தால் இரண்டும் நடக்காது. ஆகவே மக்கள் கூசாமல் உள்ளே நுழையும்படி ஒரு வாசலை அமைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். சாதாரண மக்களுக்குத் தரக்கூடாத அளவுக்கு உயர்ந்தது என்று எதுவும் இல்லை என்பது லுபெட்கின் கூறியதாக இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் கருத்து.

உள்ளே நடந்தவற்றைப் பார்த்தால் அந்தக் கட்டடத்தின் பொருள் இன்னும் தெளிவாகும். காசநோய்ப் பிரிவும் எக்ஸ்ரே கருவியும் அங்கே இருந்தன. பெண்களுக்கான மருத்துவப் பிரிவும் பல் மருத்துவமும் இருந்தன. நாள் முழுதும் நின்று வேலை செய்து பாதம் வெடித்தவர்களுக்குப் பாத சிகிச்சை கிடைத்தது. வெயில் காணாத பிள்ளைகளுக்குச் சூரிய விளக்குக் கூடம் இருந்தது. ஆடைகளையும் படுக்கைகளையும் தொற்றுநீக்கும் பிரிவும், பேன், சிரங்கு முதலியவற்றைப் போக்கும் தூய்மைப் பிரிவும், ஒரு பிணவறையும் கீழ்ப்பகுதியில் அமைந்தன. மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்க ஒரு வீட்டை மூடினால், அந்தக் குடும்பம் அந்நாளில் எங்கே உறங்கும் என்ற கேள்வி வரும். அதற்காக நிலையத்திலேயே தங்குமிடம் ஒதுக்கப்பட்டது. இந்தக் கடைசி ஏற்பாட்டைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மருந்தடிக்கும் திட்டத்தை அறிவிப்பது எந்த நிர்வாகத்துக்கும் கூடும். அன்றிரவு அந்தப் பிள்ளைகள் உறங்கும் இடத்தைப் பற்றி முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பது மக்களை அறிந்த நிர்வாகத்துக்கு மட்டுமே கூடும்.

கட்டடத்தின் உட்சுவர்களை எளிதில் மாற்றியமைக்கலாம். குழாய்களும் மின்கம்பிகளும் வேலைக்குத் தடையில்லாமல் பழுதுபார்க்கும் வகையில் பதிக்கப்பட்டன. இன்றைய நோய்கள் நாளை மாறும், சிகிச்சை முறைகளும் மாறும் என்ற எதிர்பார்ப்பு வரைபடத்திலேயே இருந்தது. சூரிய விளக்குச் சிகிச்சை பின்னாளில் வழக்கொழிந்தபோதும் நிலையம் பயனற்றுப் போகாததற்கு இது ஒரு காரணம்.

இனி, இந்த முயற்சியால் எட்ட முடியாத இடங்களையும் பார்க்க வேண்டும். ஃபின்ஸ்பரியில் குடல்வால் வீங்கி ஒருவர் துடித்தால், அவரைச் சுகாதார நிலையத்தில் அறுவை செய்ய முடியாது. மருத்துவமனை வேறொருவர் நிர்வாகத்தில் இருந்தது. குடும்ப மருத்துவரின் கட்டணம் காப்பீடு இல்லாதவர்களுக்கு அப்படியே தொடர்ந்தது. இவற்றைவிட அடிப்படையான தடை பணம் திரட்டும் முறையிலேயே இருந்தது. சொத்துவரி வாடகை மதிப்பைப் பொறுத்தது; ஏழைகள் வாழும் பகுதியில் சொத்தின் மதிப்பு குறைவு, தேவை அதிகம். செல்வர்கள் வாழும் பகுதியில் மதிப்பு அதிகம், தேவை குறைவு. ஆக, எந்த மன்றத்துக்கு அதிகப் பணம் வேண்டுமோ அந்த மன்றத்திடமே குறைந்த பணம் இருக்கும். 1921-இல் கிழக்கு லண்டனின் பாப்ளர் பரோ இந்த அநீதியை எதிர்த்தது. ஜார்ஜ் லான்ஸ்பரியின் தலைமையில் அதன் உறுப்பினர்கள் முப்பது பேர், மாநகரின் பொதுச் செலவுக்கான வரிப்பங்கைச் செலுத்த மறுத்துச் சிறை சென்றார்கள். அதன் விளைவாக, ஏழைகளின் உதவிச் செலவை லண்டன் பரோக்கள் அனைத்தும் பகிர்ந்துகொள்ளும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. பொது மருத்துவத்தின் இரண்டாவது அடிப்படை இதுவே: பங்களிப்போரின் வட்டம் எவ்வளவு விரிந்ததோ, அவ்வளவு உறுதியாக அது நிற்கும், ஏழைகளிடமே திரட்டி ஏழைகளுக்கே செலவிடும் சிறிய நிதி முதல் கொள்ளைநோயிலேயே வற்றிவிடும்.

உள்ளூர் முயற்சிகளால் இத்தகைய எல்லைகளைத் தாமே கடக்க முடியாது என்றாலும், அவை வேறொரு காரியத்தைச் செய்கின்றன. ஒரு சேவை நடைமுறையில் இயலும் என்பதைக் கண்ணால் காட்டுகின்றன. 1942-இல், போர் நடுவில், ஏப்ரம் கேம்ஸ் என்ற ஓவியர் படைவீரர்களுக்காக வரைந்த ஒரு சுவரொட்டியில் ஃபின்ஸ்பரி சுகாதார நிலையம் ஒளியோடு எழுந்து நிற்க, அதன் பின்னால் இடிந்த வீடும் ரிக்கெட்ஸ் நோயால் கால் வளைந்த ஒரு சிறுவனும் இருண்டு தெரிந்தார்கள். நீங்கள் எந்த நாட்டுக்காகப் போரிடுகிறீர்கள் என்பதை அந்தப் படம் சொன்னது. பிரதமர் சர்ச்சிலின் எதிர்ப்பால் அது நிறுத்தப்பட்டது. நாட்டின் பழைய அவலத்தை அது வெளிப்படையாகக் காட்டிவிட்டது என்பதே குறை. ஆனால் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது, மனைவிக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும், மருத்துவமனைக்கும் குடும்ப மருத்துவருக்கும், நாடு முழுவதற்கும் சேர்த்து, பொதுவரியிலிருந்து பணம் தரப்பட்டது. 1911-இன் ஓட்டைகள் அடைபட்டன. இருப்பினும் ஃபின்ஸ்பரி போன்ற சுகாதார நிலையங்கள் நாடெங்கும் பெருகும் என்று எதிர்பார்த்தது உடனே நடக்கவில்லை. அதன் பின் வந்த பல ஆண்டுகளில் மிகச் சிலவே கட்டப்பட்டன. பணம் மையத்திலிருந்து வரத் தொடங்கியபோது, உள்ளூர் மன்றங்களின் கையிலிருந்த முன்முயற்சியும் ஓரளவு நழுவிப் போயிற்று.

பைன் தெருக் கட்டடத்தின் பிற்கால வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பராமரிப்புக்குப் போதிய பணம் ஒதுக்கப்படாமல் அது நலிந்தது. 2000-களின் இறுதியில் அப்போதைய சுகாதார நிர்வாகம் அதை விற்றுவிட முனைந்தது. அப்பகுதி மக்கள் பல ஆண்டுகள் போராடி அதைத் தடுத்தார்கள். இங்கிலாந்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தகுதி பெற்ற கட்டடங்களுள் அது ஒன்று. அவர்கள் காக்க விரும்பியது அந்தக் கட்டடக்கலையை மட்டும் அன்று, அதற்குள் நடக்கும் மருத்துவத்தையும்தான்.

இந்த வரலாற்றோடு நமக்கு உள்ள தொடர்பு பலர் அறியாதது. இந்தியா விடுதலை பெற்ற பின் கத்யால் தாயகம் திரும்பி, 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின்படி அமைந்த கழகத்தின் முதல் தலைமை இயக்குநரானார். நாம் அன்றாடம் இ.எஸ்.ஐ. என்று அழைக்கும் அமைப்பு அது. 1952 பிப்ரவரியில் கான்பூரில் நேரு இதைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் 1955-இல் ஆலைத் தொழிலாளர் நிறைந்த கோயம்புத்தூரில் நடைமுறைக்கு வந்தது. இன்று தொழிலாளியின் கூலியில் 0.75 விழுக்காடும் முதலாளியின் பங்காக 3.25 விழுக்காடும் செலுத்தப்படுகின்றன. டிரெடிகர் சுரங்கத் தொழிலாளியின் மூன்று பென்ஸுக்குப் பின்னால் இருந்த கணக்கே இதற்குப் பின்னாலும் இருக்கிறது. தொடக்கத்தில் தொழிலாளிக்கு மட்டும் என்றிருந்த மருத்துவ வசதி பின்னர் குடும்பத்தாருக்கும் விரிந்தது. கூலிச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தத்தைப் பார்த்து அலுத்துக்கொள்ளும் இளைஞர்கள், தம் தாய் தந்தையின் சிகிச்சைக்கும் அது வழிதிறக்கக்கூடும் என்பதை அறிந்திருப்பது நல்லது.

இரண்டாவது தொடர்பு நம் கிராமங்களில் இருக்கிறது. 1943-இல், இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய, ஜோசப் போர் (Bhore) என்பவரின் தலைமையில் அமைந்து 1946-இல் அறிக்கை அளித்த குழுவில் நம் மருத்துவர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர். பணம் செலுத்த இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்ற கொள்கையை அக்குழு முன்வைத்தது. டாசன் அறிக்கையில் கண்ட அதே வகையான அடுக்கு முறையையும், தடுப்பும் சிகிச்சையும் ஒன்றிணைந்த முதல்நிலை நிலையத்தையும் அது பரிந்துரைத்தது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு தோன்றத் தொடங்கிய ஆரம்ப சுகாதார நிலையங்கள் அந்தப் பரிந்துரையின் எளிய வடிவம். நம் மண்ணில் அதற்கும் முன்னோடி உண்டு. 1939-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் தம் வருவாயில் ஒரு பகுதியைப் பொதுச் சுகாதாரத்துக்கென ஒதுக்க வேண்டும் என்ற கருத்தைச் சட்டமாக்கியது. இந்தியாவில் இத்தகைய முழுமையான சட்டத்தை முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணமே. தமிழ்நாட்டில் அது இன்றும் நடைமுறையில் உள்ளது.

ஆகவே, ஒரு நகராட்சித் தலைவரோ மாமன்ற உறுப்பினரோ தம் பகுதியில் எல்லோருக்கும் மருத்துவம் தருவதாக உறுதியளிக்கும்போது, வாக்காளர் கவனிக்க வேண்டியவை கட்டணமின்மை என்ற ஒற்றைச் சொல்லைத் தாண்டிச் செல்கின்றன. பணம் எந்த வரியிலிருந்து வருகிறது, அது ஆண்டுதோறும் வருமா அல்லது திறப்பு விழாவோடு நின்றுவிடுமா என்று பார்க்க வேண்டும். மருத்துவரின் சம்பளமும் மருந்தும் பராமரிப்பும் எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நீரிழிவுக்கு வரும் ஒருவருக்கு இரத்தப் பரிசோதனையும் பாதப் பரிசோதனையும் மருந்தும் ஒரே வருகையில் கிடைக்கின்றனவா, கூலி வேலைக்குப் போகிறவர் வரக்கூடிய மாலை நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் அங்கே சென்று சேர்ந்தாரா என்று யாராவது தொடர்ந்து விசாரிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்கான விடைகள் உள்ளாட்சி அமைப்பின் வரவுசெலவுத் திட்டத்திலும் மன்றத் தீர்மானங்களிலும் இருக்கும். அவை வெளியிடப்படாத இடங்களில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்து எந்தக் குடிமகனும் அவற்றின் நகல்களைப் பெறலாம்.